பிள்ளைகளின் உடலியக்கமும் அதனை அளக்கும் கருவிகளும்

ஒரு பிள்ளை நன்கு வளர்கின்றதா என அறிய அதன் நிறையையும் உயரத்தையும் அளக்கின்றோம். நன்கு கற்கின்றதா என அறியப் பரீட்சை வைத்துப் புள்ளி இடுகின்றோம். ஆனால், அப்பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடியாடித் திரிகின்றது, எவ்வளவு நேரம் ஓரிடத்திலேயே அமர்ந்திருக்கின்றது என்பதைக் குறித்தற்கு நம் வரவுப் பதிவேட்டிலும் தேர்ச்சி அறிக்கையிலும் ஒரு நிரலும் இல்லை. அளக்கப்படாத பொருள் மெல்ல மெல்ல நம் கவனத்தினின்றும் மறைந்துவிடும். நேரசூசியில் இடம் நெருக்கும்போது முதலில் குறைக்கப்படுவது விளையாட்டு நேரமே என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர்.

கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் இக்குறையை நீக்கவல்ல ஒரு சிறு கருவி உலகெங்கும் பரவியுள்ளது. தீப்பெட்டியினும் பருமன் குறைந்த இக்கருவியை இடுப்பிலோ மணிக்கட்டிலோ அணிந்துகொண்டு பிள்ளை தன் போக்கில் திரியும். கருவி அதன் அசைவுகளைச் செக்கன் தவறாது பதிந்துகொள்ளும். இஃது எவ்வாறு தொழிற்படுகின்றது, அது தரும் எண்கள் எவ்வாறு பெறப்படுகின்றன, அவ்வெண்களைக் கொண்டு எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் நம் பிள்ளைகளைப் பற்றி எதைக் கூறலாம், எதைக் கூறலாகாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளத்தலின் தேவை

உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளோர், வாரம் முழுவதையும் சராசரியாகக் கொள்ளுமிடத்து, நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபடுதல் வேண்டும். மூச்சுச் சற்று விரைந்து உடல் வெப்பங்கொள்ளும் வேக நடை போன்றன மிதமானவை. ஓட்டம், சடுகுடு போன்றன கடுமையானவை. 2010ஆம் ஆண்டு வழிகாட்டல் 'நாள்தோறும் 60 நிமிடம்' எனக் கூறிற்று. பத்தாண்டுகளின் பின் அது 'சராசரியாக 60 நிமிடம்' என மாற்றப்பட்டது. இம்மாற்றம் சிறிதெனத் தோன்றலாம். ஆயின், திங்கள் முதல் வெள்ளி வரை 40 நிமிடமும் சனி, ஞாயிறுகளில் 120 நிமிடமும் விளையாடும் பிள்ளை முதல் விதிப்படி தவறியது. இரண்டாம் விதிப்படி தேறியது. பிள்ளை மாறவில்லை, விதியே மாறிற்று. அளவை பற்றிப் பேசுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய முதற் பாடம் இதுவாகும்.

இவ்விதியை உலகப் பிள்ளைகளுள் எத்தனை பேர் நிறைவுசெய்கின்றனர்? 146 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 2016ஆம் ஆண்டில் 11 முதல் 17 வயது வரையுள்ள பாடசாலை மாணவருள் நூற்றுக்கு 81 பேர் போதிய உடலியக்கம் அற்றவர் எனக் கணித்தது. அச்சந்தரும் இவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. அது வினாக்கொத்தினாற் பெறப்பட்டது. 'கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாட்கள் அறுபது நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட்டாய்?' என்றாற்போன்ற வினாக்களுக்கு மாணவர் எழுதிய விடைகளின் தொகுப்பே அது.

வகுப்பறையில் நின்றவர்க்கு இதன் இடர் எளிதிற் புலனாகும். நேற்று மாலை என்ன செய்தாய் என வினவினால், 'விளையாடினேன்' என்பான் சிறுவன். எவ்வளவு நேரம் என்றால், 'கனநேரம்' என்பான். அவன் பொய் கூறுகின்றானல்லன். பெரியோர் நேரத்தை மணிக்கூட்டால் அளக்கின்றனர். சிறுவர் இன்பத்தால் அளக்கின்றனர். பத்து வயதுப் பிள்ளையின் நினைவை நம்பி நிமிடக் கணக்கு எழுதுதல் மணலிற் கோடிடுதலை ஒக்கும். ஆதலினாலேயே, பிள்ளையின் நினைவை நாடாது அதன் உடலசைவையே நேராகப் பதியும் கருவி வேண்டப்பட்டது.

காலடி எண்ணுங் கருவி

இவ்வகைக் கருவிகளுட் பழமையானது காலடி எண்ணும் மானியாகும். இடுப்பு மேலுங் கீழும் அசையுந்தோறும் உள்ளிருக்கும் சிறு நெம்புகோல் ஒருமுறை தட்டுப்பட, எண் ஒன்று கூடும். ரோக்கியோ ஒலிம்பிக் விழா 1964இல் நடைபெற்றதன் பின்னர், 1965இல், யப்பானிய நிறுவனமொன்று 'மான்போ-கெய்' என்னும் மானியை விற்பனைக்கு விட்டது. 'பதினாயிரம் அடி அளக்கும் மானி' என்பது அப்பெயரின் பொருள். இன்று கைத்தொலைபேசிகளும் கைக்கடிகாரங்களும் 'நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி' என நம்மை வற்புறுத்துகின்றன அல்லவா? அவ்வெண் மருத்துவ ஆராய்ச்சியின் முடிவாகப் பிறந்ததன்று. விற்பனைப் பொருளொன்றின் பெயராகப் பிறந்து, பின்னரே ஆராய்ச்சியாளரின் கைக்கு வந்தது. ஓர் எண் எங்கிருந்து பிறந்தது என வினவாது அதனைத் தலைமேற் கொள்ளுதல் தகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

காலடி மானிக்கு ஒரு குறை உண்டு. மெல்ல நடந்த அடியும் பாய்ந்து ஓடிய அடியும் அதற்கு ஒன்றே. எத்தனை அடி என்பதை அது கூறும். எத்துணை விசையோடு என்பதைக் கூறாது. அவ்விசையையும் அளக்கப் புகுந்ததே ஆர்முடுகல் மானியாகும்.

ஆர்முடுகல் மானி தொழிற்படும் முறை

பௌதிகம் பயில்வோர் ஆர்முடுகல் என்பதை வேகம் மாறும் வீதம் எனப் படிப்பர். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பஸ் வண்டியில் நின்றுகொண்டு பயணஞ் செய்பவர், நூல் படியாமலே அதனை உணர்வர். வண்டி சீராக ஓடுமளவும் அவர்க்கு இடரில்லை. சாரதி திடீரெனத் தடுப்பை மிதித்தால் உடல் முன்னே சாய்கின்றது. விரைந்து புறப்பட்டால் பின்னே சாய்கின்றது. ஆகவே, நின்றவர் எவ்வளவு சாய்ந்தார் என்பதை அளந்தால் வண்டியின் வேகம் எவ்வளவு விரைந்து மாறிற்று என்பதைக் கணிக்கலாம்.

கருவியினுள்ளும் அவ்வாறே ஒரு 'பயணி' நிற்கின்றது. மயிரிழையினும் நுண்ணிய சிலிக்கன் விற்களாற் பிணிக்கப்பட்ட மிகச் சிறு திணிவு அது. கருவியை அணிந்த பிள்ளை அசையுந்தோறும் அத்திணிவு இடம்பெயர்கின்றது. அதன் பக்கத்தேயுள்ள நுண்ணிய தகடுகளுக்கிடையேயான இடைவெளி மாற, மின்கொள்ளளவமும் மாறுகின்றது. அம்மாற்றத்தை மின்சுற்று எண்ணாக்கிப் பதிகின்றது. முன்பின், மேல்கீழ், இடம்வலம் என்னும் மூன்று திசைகளிலும், செக்கனுக்கு முப்பது முதல் நூறு தடவை வரை, இப்பதிவு நிகழும். புவியீர்ப்பாகிய, செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர் என்னும் ஆர்முடுகலும் இதில் எஞ்ஞான்றும் கலந்திருக்கும். பஸ் வண்டியின் அதிர்வு போன்ற மனித அசைவல்லாத துடிப்புகளும் கலந்திருக்கும். மனித உடலசைவிற்குரிய துடிப்புகளை மட்டும் வடித்தெடுத்து, ஏனையவற்றைக் கருவியின் கணிப்புமுறை நீக்கிவிடும். எஞ்சியதைக் கூட்டிப் பெறும் தொகையே 'அசைவெண்' எனப்படும்.

இவ்வடிப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பது ஆராய்ச்சிகளில் மிகுதியாகப் பயன்பட்ட ஒரு கருவியைப் பொறுத்தவரையில் நெடுங்காலம் அதனைச் செய்த நிறுவனத்தின் உள்வீட்டுச் செய்தியாகவே இருந்தது. 2022ஆம் ஆண்டிலேதான் அந்நிறுவனத்தின் முறை யாவரும் காண வெளியிடப்பட்டது. அதுகாறும் நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகள் அசைவெண்ணை அதன் பிறப்பு முழுமையாக அறியப்படாமலே பயன்படுத்தி வந்தன.

எண் தீர்ப்பாக மாறுதல்

இனி, அசைவெண்ணிலிருந்து 'இப்பிள்ளை 48 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட்டது' என்னும் கூற்று எவ்வாறு எழுகின்றது எனக் காண்போம். இங்கேதான் மனிதரின் முடிபுகள் மூன்று புகுகின்றன.

முதலாவது, காலக்கூறு. அசைவெண்ணை எத்தனை செக்கனுக்கு ஒருமுறை கூட்டுவது என்பது. முற்காலக் கருவிகளில் நினைவிடம் சுருங்கியிருந்தமையால் நிமிடத்திற்கு ஒருமுறை கூட்டுதலே வழக்காயிற்று. ஆயின், பிள்ளைகளின் அசைவு பெரியோரது போன்று நீடித்ததன்று. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பிள்ளைகளைக் கண்ணாற் பார்த்துச் செக்கன் கணக்கிற் குறித்தபோது, கடுமையான அசைவு ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று செக்கன் அளவே நீடித்ததெனவும், அத்தகைய அசைவுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பதினைந்து செக்கனுக்குட் முடிந்தனவெனவும் கண்டனர். கிளித்தட்டு ஆடும் பிள்ளைகளைப் பார்த்தவர்க்கு இது வியப்பன்று. பாய்வர், நிற்பர், கிளியின் முகம் பார்ப்பர், மீண்டும் பாய்வர்.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். ஒரு பிள்ளை ஒரு நிமிடத்தில் பத்துச் செக்கன் ஓடி, ஐம்பது செக்கன் நிற்கின்றதென வைத்துக்கொள்வோம். ஓடிய காற்பங்கு நிமிடத்தில் அசைவெண் 700. ஏனைய மூன்று காற்பங்குகளிலும் 20 வீதம். பதினைந்து செக்கனுக்கு 574 என்பதை மிதமான இயக்கத்தின் எல்லையாகக் கொண்டால், முதற் காற்பங்கு இயக்கமாக எண்ணப்படும். அதே எல்லையை நிமிடத்திற்கு ஆக்கினால் 2,296 ஆகும். அந்நிமிடத்தின் மொத்த அசைவெண்ணோ 760. எனவே ஓட்டம் முழுவதும் மறைந்துபோகும். ஒரே பிள்ளை, ஒரே ஓட்டம், ஒரே கருவி. கூட்டும் முறை ஒன்றே வேறு.

இரண்டாவது, வரம்பெண். மேற்கூறிய 574, 2,296 என்பன 2008இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், 5 முதல் 8 வயது வரையுள்ள 33 பிள்ளைகளை நடக்கவும் ஓடவும் படியேறவும் பிற செயல்கள் செய்யவும் விட்டு அளந்து பெற்றவை. 2002இல் வேறோர் அமெரிக்கக் குழுவினர், 6 முதல் 16 வயது வரையுள்ள 26 பிள்ளைகளை அளந்து, மிதமான இயக்கத்தின் எல்லை நிமிடத்திற்கு 3,200 எனக் கொண்டனர். நிமிடத்திற்கு 2,800 அசைவெண் காட்டும் ஒரு பிள்ளை, முன்னைய வரம்பின்படி உடலுக்கு உறுதி தேடுகின்றது. பின்னைய வரம்பின்படி வீணே உலாவுகின்றது. இரு தீர்ப்பும் விஞ்ஞானத்தின் பெயராலேயே வழங்கப்படும்.

மூன்றாவது, அணிந்த நேரம். பிள்ளை கருவியைக் கழற்றி வைத்தால் அசைவெண் பூச்சியமாகும். அசையாது இருந்தாலும் அவ்வாறே ஆகலாம். ஆகவே, இருபது நிமிடமோ அறுபது நிமிடமோ பூச்சியம் தொடர்ந்தால் கழற்றி வைத்ததாகக் கொள்வதென ஆராய்ச்சியாளர் ஒரு விதி வகுப்பர். நாளொன்றுக்குப் பத்து மணி நேரமேனும் அணிந்திருத்தல், ஏழு நாட்களுள் நான்கு நாட்களேனும் அவ்வாறு அமைதல், அவற்றுள் விடுமுறை நாளொன்று இருத்தல் என்பனவும் வழக்கமான விதிகளாகும்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஒலியைக் கேட்போர், துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்தி மறு நுனியைச் செவியில் வைத்துக் கேட்பர். ஒலி உண்மையாகவே வருகின்றது. துடுப்பு அதனைப் பொய்யின்றிக் கடத்துகின்றது. ஆனால், பாடுவது மீனா, நத்தையா, வேறொன்றா என்பதைத் துடுப்புக் கூறாது. ஆர்முடுகல் மானியும் அத்தகையதே. அசைவு நிகழ்ந்ததென்பதை நேர்மையாகக் கூறும். அவ்வசைவு யாது என்பதை நாமே வேறு வழியால் அறிதல் வேண்டும்.

உலகிற் பெற்ற முடிபுகள்

இத்துணைக் குறைகளைக் கூறியதனாற் கருவி பயனற்றதென எவரும் கருதலாகாது. ஒரே காலக்கூறு, ஒரே வரம்பெண், ஒரே விதி என்பவற்றைக் கொண்டு பல்லாயிரம் பிள்ளைகளை அளக்குமிடத்து, அவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடல் கூடும்.

2011 முதல் 2013 வரை பன்னிரண்டு நாடுகளில் 9 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளின் இடுப்பிற் கருவி கட்டி ஓர் ஆய்வு நடைபெற்றது. அவுஸ்திரேலியா, சீனா, கென்யா, பிறேசில், பின்லாந்து முதலிய நாடுகளோடு இந்தியாவும் அதிற் பங்குபற்றிற்று. இந்தியப் பிள்ளைகள் பெங்களூரைச் சேர்ந்தோர். மொத்தப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேரே அறுபது நிமிட விதியை எய்தினர். பிரித்தானியாவில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஏழு வயதுப் பிள்ளைகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை அளந்தபோது, சிறுவருள் நூற்றுக்கு 63 பேரும் சிறுமியருள் 38 பேரும் அவ்விதியை எய்தியமை தெரிந்தது. ஏழே வயதில் இத்துணை வேறுபாடு! உடலமைப்பு இதனை முழுதும் விளக்காது. சிறுமிக்கு நாம் தரும் இடமும் உடையும் ஏவலும் தடையுமே பெரிதும் காரணமாதல் வேண்டும்.

பத்து நாடுகளின் இருபது ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2015இல் வெளியான மற்றொரு தொகுப்பு, 27,000இற்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைக் கொண்டது. ஐந்து வயதின் பின், வயது ஒன்று ஏற ஏற, மொத்த உடலியக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு வீதம் குறைந்து செல்கின்றதென அது காட்டிற்று. அதாவது, பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கும் வயதிலேயே இத்தேய்வு தொடங்குகின்றது. ஆசிரியராகிய நாம் இவ்வரியைக் கடந்து விரைந்து செல்லுதல் ஆகாது. அத்தொகுப்பிற் கண்ட பத்து நாடுகளுள் ஆசிய நாடு ஒன்றேனும் இல்லை என்பதும் உடன் கருதத்தக்கது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் அசைவு, அமர்வு, உறக்கம் ஆகியவற்றை ஆராயும் பன்னாட்டு ஆய்வொன்றை அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகம் தலைமைதாங்கி நடத்துகின்றது. அதில் இலங்கையும் பங்குகொண்டுள்ளது. ஆகவே, இக்கருவி இனி நம் தீவிற்குப் புதியதன்று. அது நம் வாயிலுக்கும் வருமெனக் கொண்டு ஆயத்தமாதல் அறிவுடைமை.

வாவிக்கரைப் பிள்ளைகள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழ்க்கரை எழுவான்கரை, மேல்கரை படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் வாவியைக் கடந்தோர் நீர்வழியையே நம்பியிருந்தனர். குருமண்வெளி, மண்டூர் முதலிய துறைகள் இன்றும் எவர்க்கும் பழகிய பெயர்கள். நிலம் சமதரை, துவிச்சக்கர வண்டி வீட்டுக்கு வீடு உண்டு. இந்நிலத்துப் பிள்ளையின் இடுப்பில் இக்கருவியைக் கட்டினால் என்ன நேரும்?

முதலில், துவிச்சக்கர வண்டியை நோக்குக. மிதிக்கும்போது கால்கள் உழைக்கின்றன; நெஞ்சம் விரைந்து துடிக்கின்றது; ஆயின் இடுப்பு ஆசனத்தில் அமர்ந்தபடியே இருக்கின்றது. ஆதலால், இடுப்பிற் கட்டிய கருவி இவ்வுழைப்பின் பெரும் பகுதியைக் காணாது. சோளகக் காற்றை எதிர்த்து மூன்று மைல் மிதித்துப் பாடசாலைக்கு வரும் மாணவியை, மோட்டார் வண்டியின் பின் அமர்ந்து வருபவளுக்கு அண்மையில் அது நிறுத்திவிடல் கூடும்.

இரண்டாவது, சுமை. வெறுங்கையோடு நடப்பதும் நீர்க்குடம் சுமந்து நடப்பதும் உடலுக்கு ஒன்றல்ல. கருவிக்கோ இரண்டும் நடையே. சுமையோடு மெல்ல நடப்பதனால் அசைவெண் குறையவும் கூடும். உழைப்புக் கூடக் கூட எண் குறைகின்ற விந்தை இங்கு நிகழ்கின்றது.

மூன்றாவது, கையுழைப்பு. தோணியில் அமர்ந்து துடுப்பு வலிக்கும் சிறுவனின் தோளும் முதுகும் உழைக்கின்றன. இடுப்பு அசைவதோ சிறிதே. முழங்கால் நீரில் நின்று வீச்சுவலை எறிபவனுக்கும் அவ்வாறே. நீரை எதிர்த்து ஓரடி வைப்பதற்கு வேண்டிய வலிமை தரையில் வேண்டுவதினும் பன்மடங்கு, அவ்வடியோ மெதுவானது.

நான்காவது, நீர். குளிக்கவும் நீந்தவும் செல்லும் பிள்ளை கருவியைக் கழற்றி வைக்கும். வாவியில் ஒரு மணி நேரம் நீந்திக் களித்த பொழுது, 'அணியாத நேரம்' எனக் கணக்கினின்றும் நீக்கப்படும். நீர் புகாத கருவிகளும் உள. ஆயினும், நடையையும் ஓட்டத்தையும் கொண்டு வகுத்த வரம்பெண் நீச்சலுக்குப் பொருந்துமாறில்லை.

ஐந்தாவது, காலம். வடகீழ்ப் பருவமழை பெய்து வயலும் வீதியும் நீருள் மூழ்கும் மார்கழியில் அளந்த ஏழு நாட்களும், பாடசாலை விடுமுறையுள்ள சித்திரையில் அளந்த ஏழு நாட்களும் ஒரே பிள்ளையை இரு பிள்ளைகளாகக் காட்டும். வைகாசியிற் கண்ணகை அம்மன் சடங்கு நிகழும் நாட்களில் ஊரே உறங்காது. அந்நாட்களில் அளந்த எண் வேறொரு கணக்காகும்.

இவற்றுக்கு மாறாக, இக்கருவி நன்கு காணும் அசைவுகளும் நம்மிடையே உள. கிளித்தட்டு, சடுகுடு, கெந்தி, கரப்பந்து என்பனவும், வடமோடி, தென்மோடிக் கூத்தின் ஆட்ட முறைகளும் இடுப்பு முழுவதும் துள்ளும் இயல்பின. களரியில் ஒரு மணி நேரம் தாளத்திற்கு மிதித்தாடும் மாணவனின் அசைவெண், எந்நாட்டு உடற்பயிற்சியோடும் ஒப்பிடத் தக்கதாய் இருக்கும். ஆனால், கூத்துப் பழகுவது இரவில். படுக்கைக்குச் செல்லுமுன் கருவியைக் கழற்றி வைத்துவிடு என ஏழு மணிக்கே தாய் கூறிவிட்டால் அதுவும் போயிற்று.

மற்றுமொன்று இங்கு மறைக்கற்பாலதன்று. விடியுமுன் எழுந்து தந்தையோடு வலை இழுத்துவிட்டு, வகுப்பிற் கண் சோரும் சிறுவனின் அசைவெண், உயர்ந்தது எனினும், நாம் மகிழத்தக்கதன்று. விளையாட்டும் வேலையும் கருவிக்கு ஒன்றே. பிள்ளைக்கு அவை ஒன்றல்ல. எண் குறைந்தவனெல்லாம் சோம்பன் அல்லன். எண் மிகுந்தவனெல்லாம் நலமுற்றவனும் அல்லன்.

உரைகல்

அசைவெண் உடலுழைப்பை எவ்வளவு செம்மையாகக் காட்டுகின்றதென ஆராய உரைகல் ஒன்று உண்டு. ஐதரசனினதும் ஒட்சிசனினதும் பாரமான சமதானிகள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை சிறுநீரில் வெளியேறும் வீதத்தை ஒரு வார அளவிற்கு அளப்பர். ஒட்சிசன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஐதரசன் நீராக மட்டும் வெளியேறும். இரண்டின் வேறுபாட்டினால் உடல் வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவும், அதன்வழி உடல் செலவிட்ட சத்தியும் தெரியவரும். இம்முறை 1955இல் எலிகளிற் செய்து காட்டப்பட்டு, 1980களில் மனிதருக்குப் பயன்பட்டது. மைசூரிற் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் ஒருங்கே செய்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. நம் போன்ற வெப்ப நாட்டில், நம் போன்ற உணவுண்டு, நம் போன்ற உடலமைப்புடைய பிள்ளைகளிற் கருவியைச் சோதித்தறிய வேண்டுமென்னும் எண்ணம் அயல்நாட்டில் முன்னரே தோன்றியுள்ளது என்பதை இதனால் அறிகின்றோம். வேற்று நிலத்து வரம்பெண்ணை இரவல் வாங்குமுன், அது நம் நிலத்திற்குப் பொருந்துமா என உரைத்துப் பார்த்தலே விஞ்ஞான நெறியாகும்.

நாம் செய்யத்தக்கன

ஒரு வகுப்பு முழுவதற்கும் வேண்டிய கருவிகளை வாங்குதல் நம் பாடசாலைகளுக்கு எளிதன்று. அதனால் வாளா இருத்தலும் வேண்டா. கருவி தோன்றுமுன்னரே கண் இருந்தது. இடைவேளையில் விளையாட்டிடத்தின் ஓர் ஓரத்தில் ஆசிரியர் ஒருவர் நின்று, இத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை என வகுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒருமுறை நோக்கி, அமர்ந்தோர் எத்தனை பேர், நடப்போர் எத்தனை பேர், ஓடுவோர் எத்தனை பேர் எனச் சிறுவர், சிறுமியர் வேறாகக் குறித்தல் கூடும். இத்தகைய நோக்கற்கணக்கு அமெரிக்காவில் முறையாக வகுக்கப்பட்டுப் பல நாடுகளிலும் கையாளப்படுகின்றது. ஒரு தாளும் பென்சிலும் மணிக்கூடுமே இதற்கு வேண்டும் பொருள்கள். இரு வாரம் இவ்வாறு குறித்தால், விளையாட்டிடத்தின் எம்மூலை எவர்க்கு உரியதாயுள்ளது, சிறுமியர் எங்கே நிற்கின்றனர் என்பன விளங்கிவிடும்.

உயர்வகுப்பு மாணவர் இதனைக் கணிதப் பயிற்சியாகவே செய்யலாம். தற்காலக் கைத்தொலைபேசிகளுள்ளும் ஆர்முடுகல் மானி உண்டு. அதனை இடுப்பிற் கட்டி நடந்தும், ஓடியும், துவிச்சக்கர வண்டி மிதித்தும், நீர்க்குடம் சுமந்தும் பெறும் வரைபடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பின், இக்கட்டுரையிற் கூறியதனைத்தும் கண்கூடாகும். பௌதிக பாடமும் சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு மேசையிற் சந்திக்கும் அரிய வாய்ப்பு அது.

பல்கலைக்கழகத்தாரோ சுகாதாரப் பகுதியினரோ கருவியோடு நம் பாடசாலைக்கு வரின், அவர்களை மனமுவந்து வரவேற்போம். உடன், சில வினாக்களையும் வினவுவோம். எத்தனை செக்கனுக்கு ஒருமுறை கூட்டுகின்றீர்? எந்நாட்டுப் பிள்ளைகளிற் பெற்ற வரம்பெண் இது? துவிச்சக்கர வண்டியையும் தோணியையும் நீச்சலையும் எங்ஙனம் எண்ணுவீர்? பிள்ளை அன்றன்று செய்தவற்றை எழுதும் சிறு குறிப்பேடு ஒன்றைக் கருவியோடு சேர்த்துக் கொடுப்பீரா? பெற்றோரின் இசைவு பெற்றீரா? தனிப் பிள்ளையின் எண்ணை எவர் காண்பர்? இவ்வினாக்களுக்கு விடை தருதல் நல்ல ஆராய்ச்சியாளர்க்கு மகிழ்ச்சியே அளிக்கும். எண்ணைக் கொண்டு பிள்ளைகளை முதலாம், இரண்டாம் இடமென வரிசைப்படுத்த மட்டும் நாம் ஒருபோதும் இடமளிக்கலாகாது. வரிசைப்படுத்துதற்கு வேண்டிய அளவு பரீட்சைகள் அவர்களுக்கு முன்னரே உண்டு.

நிற்க. கருவியின் குறைகளைக் கூறி நம் குறைகளை மறைத்தலும் நேர்மையன்று. துடுப்பையும் வலையையும் துவிச்சக்கர வண்டியையும் அது காணாதிருக்கலாம். அமர்ந்திருக்கும் நேரத்தை அது நன்றாகவே காண்கின்றது. காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை வகுப்பில். பின் தனியார் வகுப்பில். இரவு விளக்கின் கீழ். எஞ்சிய பொழுது கைத்தொலைபேசியின் முன். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பத்து வயதுப் பிள்ளையின் நாள் இவ்வாறே கழிகின்றது. அப்பிள்ளையின் இடுப்பிற் கருவி கட்டினால் வரும் வரைபடம், வாவியின் நீர்மட்டம் போல் நெடுந்தூரம் தட்டையாய்க் கிடக்கும். அதற்கு வரம்பெண்ணையோ அயல்நாட்டாரையோ குறைகூற இயலாது. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வின்படி, வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேர் நீரிழிவுடையோர். உடலசைவு குறைதலும் அந்நோய்க்கு ஏதுவாகும். அசையாதிருக்கும் பழக்கம் இளமையிலேயே வேரூன்றுகின்றது. அவ்வேரை நடுவோருள் நாமும் உளோம்.

இதுகாறும் கூறியவற்றால், உடலசைவை அளக்கும் கருவி பிள்ளையின் நினைவினும் நம்பத்தக்கதென்பதும், அதன் எண் மனிதர் வகுத்த விதிகளின் வழியே பிறப்பதென்பதும், நடையையும் ஓட்டத்தையும் கொண்டு வகுத்த அவ்விதிகள் வாவிக்கரை வாழ்வின் ஒரு பகுதியைக் காணத் தவறுமென்பதும் பெறப்படும். கருவி காணாததை நாம் கண்டு எழுதுவோம். கருவி காண்பதை நாம் மறுக்காது ஏற்போம். அடுத்த தவணைக்கு நேரசூசி வரையும்போது, விளையாட்டுப் பாடவேளையை வேறொரு பாடத்திற்கு ஈந்துவிடாது காத்தல் அதற்கு நல்ல தொடக்கமாகும்.